கால்டிகாட் குன்றில் பேசிய தமிழ்

சிங்கப்பூர்த் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் நாளிதழ்க் கோப்புகளைப் புரட்டுகின்றனர். அச்சான நூல்களை எண்ணுகின்றனர். மேடை நாடகங்களின் அழைப்பிதழ்களைத் தேடி எடுக்கின்றனர். அவையனைத்தும் வேண்டிய வேலைகளே. ஆயினும், தாம்சன் சாலையை ஒட்டி உயர்ந்து நிற்கும் கால்டிகாட் குன்றின்மேல் ஏறிப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்களுள் மிகச் சிலருக்கே உண்டாகிறது. பல்லாண்டுகள் இந்நாட்டுத் தமிழர் செவியாற் பருகிய நாடகங்களும் உரைச்சித்திரங்களும் சிறுகதைகளும் அக்குன்றிலிருந்துதான் புறப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை அச்சேறாதவை. அச்சேறாத காரணத்தாலேயே இலக்கியக் கணக்கிலும் ஏறாமல் நிற்கின்றன. இது முறையன்று என்பது என் கருத்து. வானொலியிற் சில காலம் பகுதிநேரக் குரற்கலைஞனாகப் பணிசெய்தவன் என்ற முறையில், நான் கண்டவற்றையும் பொது வரலாற்றிற் பதிவானவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

குன்றின் பெயர் ஆண்ட்ரூ கால்டிகாட் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயர். நீரிணைக் குடியேற்றங்களில் உயர்பதவி வகித்த அவர், பின்னர் ஹாங்காங்கிற்கும் அதன்பின் இலங்கைக்கும் ஆளுநராகச் சென்றார். குன்றின்மேற் செல்லும் ஆண்ட்ரூ சாலையும் ஒலிவ் சாலையும் அவருடைய குடும்பத்துப் பெயர்களையே தாங்கியுள்ளன. தமிழ் நாடகம் ஒத்திகை பார்க்கப் போகிறவன் நாள்தோறும் ஓர் ஆங்கிலேயரின் இல்லத்துப் பெயர்களுக்கிடையே நடந்து மேலேற வேண்டும் என்பது அக்காலத்தில் எங்களுக்கு வேடிக்கையாகவே தோன்றவில்லை, பழகிவிட்டிருந்தது.

பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் என்னும் தனியார் நிறுவனம் 1937ஆம் ஆண்டில் அங்கே ஒலிபரப்பு நிலையத்தைத் திறந்தது. 1940இல் அரசாங்கம் அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. போர் நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்நாளில் நகரின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கிய கேத்தே கட்டடத்திலும் ஒலிபரப்புப் பணிகள் நடைபெற்றன. 1942 பிப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியரின் ஒலிபரப்புத் துறையும் அதே கட்டடத்திற் குடியேறிற்று. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் வெளிநாட்டு நிலையங்களைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்ததும் அக்கேத்தே அரங்கில்தான். இங்குள்ள தமிழர்களுள் ஒரு தலைமுறையினர்க்கு வானொலி என்பது பாட்டுப் பெட்டியாக அறிமுகமாகவில்லை. நாட்டின் தலைவிதியை அறிவிக்கும் பெட்டியாகவே அறிமுகமாயிற்று. பிற்காலத்தில் முதியோர் பலர் செய்தி நேரத்தில் வீட்டிற் குழந்தைகளை அதட்டி அடக்கியதன் காரணத்தை இவ்வரலாற்றிலே காணலாம்.

போர் முடிந்தபின், 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி தோன்றியது. சிங்கப்பூரும் கூட்டரசு மலாயாவும் அதன் கீழ் அமைந்தன. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கு மொழிகளுக்கும் இடமளிக்கும் முறை அப்போது உறுதிப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் வானொலி கேத்தேயை விட்டுக் குன்றுக்கே திரும்பியது. 1959இல் நிருவாகம் இரண்டாகப் பிரிந்து கோலாலம்பூர் தனியாகவும் சிங்கப்பூர் தனியாகவும் இயங்கலாயின. நிருவாகம் பிரிந்ததே தவிர அலைவரிசைக்கு எல்லைச் சோதனை இல்லை. ஜொகூர்த் தோட்டங்களிலே லயத்து வாசலில் அமர்ந்திருந்தவர்கள் சிங்கப்பூர் ஒலிபரப்பையும் தம்முடையதாகவே கேட்டனர். 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் காலை பத்து மணிக்கு நாடு தனியானது என்னும் செய்தியை மக்கள் வானொலி வாயிலாகவே அறிந்தனர். அதற்குப் பிறகும், பாலத்திற்கு அப்பாலிருந்து தமிழ்ப் பகுதிக்கு வரும் அஞ்சலட்டைகள் நின்றுபோகவில்லை.

1966இல் நான் முதன்முதலாக ஒலிப்பதிவுக்கூடத்தில் நின்றேன். பகலிற் கப்பல்துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை; மாலையில் நாடகம். எங்களிற் பெரும்பாலோர் அப்படித்தான். ஆசிரியர்கள், அஞ்சலக ஊழியர்கள், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்கள், திருமணமாகி இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வரும் பெண்கள். ஒரு நாடகத்திற்குக் கிடைத்த சில வெள்ளியைக் காட்டிலும், மறுவாரம் சிராங்கூன் சாலை உணவுக்கடையில் நாம் பேசும் குரலைக் கேட்டு ஒருவர் திரும்பிப் பார்ப்பதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

கூடத்தின் நடுவே ஓர் ஒலிவாங்கி. அதன் இருபுறமும் எதிரெதிராக நின்று பேசுவோம். கோபித்துக் கத்த வேண்டுமானால் இரண்டடி பின்னே செல்ல வேண்டும்; இரகசியம் பேச வேண்டுமானால் முகத்தை அண்மையிற் கொண்டுவர வேண்டும். ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறுகிறார் என்றால் பேசிக்கொண்டே ஒலிவாங்கியின் பக்கவாட்டிற்கு நழுவ வேண்டும். கையிலுள்ள தாள்களைக் குத்தி இணைக்கமாட்டார்கள். ஒவ்வொரு தாளையும் ஓசையின்றித் தூக்கி அப்பால் நழுவவிட வேண்டும். திருப்பினால் சலசலப்பு ஒலிபரப்பாகிவிடும். முறத்திற் பச்சைப்பயற்றை உருட்டினால் மழை; கண்ணாடித்தாளை விரல்களாற் கசக்கினால் நெருப்பு; தகரத் தகட்டை உலுக்கினால் இடி; கொட்டாங்கச்சி இரண்டு இருந்தால் சோழனுடைய குதிரைப்படை முழுவதும் வந்து சேரும். இவற்றைச் செய்தவர்களின் பெயர்கள் எந்த அறிவிப்பிலும் வந்ததில்லை. மழையை நன்றாகப் பெய்விப்பதற்கு நடிப்பைக் காட்டிலும் கூர்மையான செவி வேண்டும் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

எனினும் வானொலியின் முதன்மையான பிரச்சினை ஓசைகளைப் பற்றியதன்று. எந்தத் தமிழைப் பேசுவது என்பதே.

செய்தியை எடுத்துக்கொள்வோம். மூலம் ஆங்கிலத்தில் வரும். ஆங்கில வாக்கியத்திற் செய்தவனும் செயலும் தொடக்கத்திலேயே வந்துவிடும்; அடைமொழிகள் பின்னால் வரிசையாக நிற்கும். தமிழிற் செயல் ஈற்றில்தான் வரும். அப்படியே மொழிபெயர்த்தால், "நேற்று மாலை தோ பாயோவில் நடைபெற்ற குடியிருப்பாளர் கூட்டத்தில் கலந்துகொண்ட, அண்மையில் வெளிநாட்டுப் பயணத்தை முடித்துத் திரும்பிய அமைச்சர்" என்று கேட்டுக்கொண்டிருப்பவர், அமைச்சர் என்ன செய்தார் என்பது வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுவார். நாளிதழ் வாசகர் மறுமுறை படிக்கலாம். வானொலி நேயருக்கு மறுமுறை இல்லை. ஆகவே ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைக்க வேண்டும். "அமைச்சர் வெளிநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பிவிட்டார். நேற்று மாலை தோ பாயோக் குடியிருப்பாளர்களைச் சந்தித்தார். அங்கே அவர் கூறியதாவது" என்று செல்ல வேண்டும். கேட்பவர்களுட் பலர் எழுத்தறியாதவர்கள் என்பதை மூத்த அறிவிப்பாளர்கள் எப்போதும் நினைவிற் கொண்டிருந்தனர். எண்களை எழுத்தால் எழுதுவது வழக்கம். இலட்சம், கோடி என்று சொல்வதா, மில்லியன் என்று சொல்வதா என்னும் கேள்விக்கு இந்நாட்டு வழக்கு மில்லியன் பக்கமே சாய்ந்தது. தமிழகத்திலிருந்து புதிதாக வருவோர் இன்றும் சற்றுத் திகைப்பது இச்சொல்லிலேதான்.

நாடு புதியது; நிறுவனங்களும் புதியவை. 1955இல் மத்திய சேம நிதி வந்தது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. 1967இல் தேசிய சேவை வந்தது. இப்பெயர்களெல்லாம் முதலில் ஆங்கிலத்திற் பிறந்தவை. இவற்றுக்குத் தமிழ்ப்பெயர் நிலைபெற்றது அறிஞர் மாநாடுகளினால் மட்டுமன்று. மாலைச் செய்திக்கு முன்னால், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில், யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நாளிதழும் வானொலியும் மாறிமாறிப் புழங்கியதனால் அவை மக்கள் நாவில் ஊறின. பள்ளிக்கூடமே காணாத ஒரு துறைமுகத் தொழிலாளி "சேம நிதி" என்று பிழையறச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவர் அதை எங்கே படித்தார்? படிக்கவில்லை, கேட்டார்.

உச்சரிப்பில் அங்கே சலுகை கிடையாது. ழகரத்தை யகரமாக்கினாலும் ளகரத்தை லகரமாக்கினாலும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை உயரும். தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, யாழ்ப்பாணம் எனப் பல வட்டாரங்களின் ஒலிகள் இங்கே ஒரே தெருவிற் கலந்திருந்தன. அவற்றுக்கெல்லாம் பொதுவான ஓர் ஒலிமரபை இந்நாட்டில் வகுத்ததில் வானொலிக்கு உள்ள பங்கு பெரிது. தமிழாசிரியர்கள் பலர் வானொலிச் செய்தியைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகச் சுட்டியது வெறும் புகழ்ச்சியன்று.

செய்திக்கும் உரைக்கும் இது பொருந்தியது. நாடகத்திற்குப் பொருந்தவில்லை. புராண, வரலாற்று நாடகங்களில் அரசன் செந்தமிழிற் பேசலாம். கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டிற் குடியிருக்கும் கணவன் மனைவியிடம், "நீ எங்குச் சென்றிருந்தாய்?" என்று கேட்டால் நேயர் சிரித்துவிடுவர். "எங்கே போயிருந்தே?" என்று கேட்டாலோ, மறுநாளே மொழிப்பற்றாளர் ஒருவரின் கண்டனக் கடிதம் வரும். அக்கடிதங்களை நான் இகழமாட்டேன். தமிழுக்கு இந்நாட்டிற் கிடைத்த நேரம் அளவானது. அந்த நேரத்தையும் கொச்சைக்குக் கொடுப்பதா என்று அவர்கள் கவலைப்பட்டனர். 1952 முதல் கோ. சாரங்கபாணி அவர்கள் முன்னின்று நடத்திய தமிழர் திருநாளின் எழுச்சியிலும் மாணவர் மணிமன்றத்தின் பயிற்சியிலும் வளர்ந்த தலைமுறை அது. நல்ல தமிழ் என்பது அவர்களுக்குத் தன்மானத்தின் மறுபெயர்.

எழுத்தாளர்கள் ஒரு நடுவழியைக் கண்டனர். அது ஒரே நாளில் வந்ததன்று. படித்தவரும் படியாதவரும் வீட்டிற் பேசும் தமிழ். ஆனால் எந்த ஒரு வட்டாரத்திற்கோ சாதிக்கோ உரியதென்று சுட்டிக்காட்ட இயலாத தமிழ். "வந்துகொண்டிருக்கிறேன்" என்பதற்கு "வந்துக்கிட்டு இருக்கேன்". அதற்கு மேலும் சிதைவு கூடாது. பசியாறுதல் போன்ற நம் நாட்டுச் சொற்களுக்குத் தடையில்லை. மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் பாத்திரத்தின் வாழ்க்கைக்கு ஏற்ற அளவில் வரலாம். பாத்திரங்களைப் பொறுத்து ஏற்ற இறக்கம் செய்வார்கள்: பாட்டி ஒரு விதம், பள்ளி செல்லும் பேரன் வேறொரு விதம். இலக்கணமாக எவரும் எழுதிவைக்காத இந்த நடையை நாங்கள் பென்சிலாற் கற்றோம். ஒத்திகையின்போது வசனம் நாவில் இடறும் இடத்தில் தயாரிப்பாளர் நிறுத்துவார், எழுதியவர் பக்கத்திலிருந்தால் கேட்பார், சொல் மாறும், எல்லோரும் தத்தம் படியிலே திருத்திக்கொள்வோம்.

இங்கே இருவரை நினைவுகூர வேண்டும். ந. பழநிவேலு அவர்கள் (1908-2000) தமிழகத்திற் பிறந்து 1930இல் மலாயாவுக்கு வந்தவர். 1949இல் வானொலியிற் சேர்ந்து 1968 வரை பணியாற்றினார். மரபுக் கவிஞராகவே பலரும் அறிந்த அவர், வானொலிக்காக ஏராளமான நாடகங்களை எழுதியவர். 1986இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. மற்றவர் பி. கிருஷ்ணன் அவர்கள், புதுமைதாசன் என்பது புனைபெயர். 1932இல் ஜொகூரிற் பிறந்தவர்; வானொலிப் பணியினூடே நூற்றுக்கணக்கான நாடகங்களைப் படைத்தவர். ஷேக்ஸ்பியரைத் தமிழ்ச் செவிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 2008இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அவருடைய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' என்னும் நகைச்சுவைத் தொடர் 1960களின் இறுதியில் ஒலியேறியது. கம்பத்தை விட்டு அடுக்குமாடிக்கு மக்கள் குடிபெயர்ந்துகொண்டிருந்த நாள்கள் அவை. 1961 மே மாதத்தில் புக்கிட் ஹோ சுவீ தீ விபத்தில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தபின் அக்குடிபெயர்ச்சி விரைவு பெற்றிருந்தது. மின்தூக்கியும் பொதுத் தாழ்வாரமும், சுவருக்கு அப்பாலே வேற்று மொழி பேசும் அண்டைவீட்டாரும் தமிழருக்குப் புதியவை. அப்புதுமையோடு சிரித்துப் பழகுவதற்கு மக்களுக்கு அந்தத் தொடர் துணைநின்றது. அந்த வாழ்வைச் சிறுகதையாளர்கள் எழுதவில்லை என்று நான் கூறவில்லை. ஆனால் எழுதியதைப் படித்தவர்கள் சில நூறு பேர் என்றால், இதைக் கேட்டவர்கள் ஏறத்தாழ எல்லாருமே. அத்தொடர் பின்னர் நூலாகவும் வந்தது நம் நல்லூழ்.

இவர்களைப் போல் நூலேறியவர்கள் சிலரே. மற்ற எழுத்துகள் எங்கே போயின? ஒலிநாடா அக்காலத்தில் விலையுயர்ந்த பொருள். ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பானபின் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது உலகெங்கும் இருந்த வழக்கம். செல்வமிக்க பிபிசியே தன் புகழ்பெற்ற நிகழ்ச்சிகள் பலவற்றை இவ்வாறு இழந்துவிட்டுப் பின்னர் வருந்தியது. அதற்கு முன்னைய நாள்களில் பல நிகழ்ச்சிகள் நேரடியாகவே சென்றன. அவற்றுக்கு நாடாவும் இல்லை. 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பணி இங்குத் தொடங்கியபின் முதியோரின் குரல்கள் முறையாகப் பதிவாயின. பழைய ஒலிபரப்புகள் சிலவும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆனால் வாரந்தோறும் வந்துபோன நாடகங்களையும் உரைச்சித்திரங்களையும் அவ்வளவு கவனமாக எவர் எண்ணியிருப்பார்? காற்றிற் போவது காற்றோடு போகும் என்றே நாங்களும் நினைத்திருந்தோம்.

அண்டைவீட்டார் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1949இல் தொடங்கிய ரிடிப்யூஷன் என்னும் கம்பிவழி வானொலியில் லீ டாய் சோர் என்பவர் கான்டனீஸ் மொழியிற் கதை சொல்லுவார். காப்பிக்கடைகளில் மக்கள் குவளையைக் கையிற் பிடித்தபடி அசையாமற் கேட்டிருப்பர். அவர் சொல்வது புரியாவிட்டாலும் நான் நின்று கேட்டதுண்டு. எங்கே நிறுத்துகிறார், எங்கே குரலைத் தாழ்த்துகிறார் என்று கவனிப்பதற்காக. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. 1980களின் தொடக்கத்திற் சீன வட்டார மொழி நிகழ்ச்சிகள் ஒலியலையிலிருந்து மறைந்தன; அந்தக் கதைக் குரலும் ஓய்ந்தது. ரிடிப்யூஷனும் 2012இல் மூடப்பட்டது. தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக இருந்ததனால் நமக்கு அந்நிலை வரவில்லை. இதில் நம் திறமையைக் காட்டிலும் சட்டத்தின் துணையே மிகுதி என்பதை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை.

2005ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையிற் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழை மட்டும் பள்ளியிற் பேசிய பிள்ளைகள், வெளியே வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றனர் என்பது அதன் பின்னணி. அப்போது எழுந்த விவாதங்களைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. எது கொச்சை, எது பொதுப்பேச்சு, எங்கே கோடு கிழிப்பது என்று அறிஞர்கள் வினவினர். அவ்வினாக்களுக்கு ஒத்திகைக் கூடத்தில் பென்சில் முனையால் ஓரளவு விடை கண்டிருந்தோம். அந்தப் படிகள் கிடைத்திருந்தால் ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பனுவல்களாகவே உதவியிருக்கும். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசிய இந்தியர் 36.7 விழுக்காட்டினர். 2020இல் அது 29.2 விழுக்காடாகக் குறைந்தது. வீட்டிற் பேசும் தமிழ் அருகி வரும் நாளில், வீட்டிற் பேசும் தமிழாலேயே ஆன ஒரு பெருந்தொகுதி அலமாரிகளில் கறையானுக்கு இரையாவதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாட்டின் பொன்விழாவை ஒட்டி 2015இல் ஐம்பதாண்டுத் தமிழ்ப் படைப்பு நூல்கள் மின்வடிவம் பெற்றன. பிறகு நாடகம், இசை, நடனம் முதலியவற்றுக்கும் அம்முயற்சி விரிந்தது. போற்றத்தக்க தொண்டு. அதே 2015இல் ஒலிபரப்பு நிறுவனத்தின் புதிய வளாகம் வேறிடத்தில் திறக்கப்பட்டது. அடுத்த ஓரிரண்டு ஆண்டில் கால்டிகாட் குன்று காலியாயிற்று. 2020இல் அந்நிலம் மாளிகை வீடுகளுக்காக விற்கப்பட்டது. ஒலி என்னும் பெயரில் தமிழ் வானொலி புதிய இடத்தில் நாள் முழுதும் ஒலிக்கிறது, அது நிற்கவில்லை. நான் கூறுவது பழைய தாள்களைப் பற்றியே.

என்னிடம் அத்தகைய தாள்கட்டுகள் இருபத்து மூன்று உள்ளன. கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த நான்காம் ஐந்தாம் படிகள். எழுத்துகள் நீலப்புகை போல் மங்கியவை. ஓரங்களிற் பென்சிற் குறிகள்: இங்கே மூச்சு, இங்கே மழை, இங்கே இரண்டடி பின்னே. மறைந்த நண்பர் ஒருவரின் துணைவியார் மேலும் பதினொன்றைத் தந்திருக்கிறார். தமிழாசிரியை ஒருவர் மாலை வேளைகளில் இவற்றைக் கணினியில் ஏற்றி வருகிறார். பென்சில் திருத்தங்களைத் தனியே குறிக்குமாறு அவரிடம் கேட்டிருக்கிறேன். இதுவரை ஏழு நாடகங்கள் முடிந்துள்ளன. எட்டாவது, குடிபெயர்ந்து வந்த ஒரு பாட்டியைப் பற்றியது. அதில் ஒன்பதாம் பக்கமும் பத்தாம் பக்கமும் இல்லை. அந்நாடகத்தில் மகனாகப் பேசியவர் ஈசூனில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரிடம் ஒரு படி இருக்கலாம்.